நங்கூரத்தைப் போட்டு ஏன் வெட்டினார்கள்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஃபிரெடரிக் மேரியட்டின் ‘பீட்டர் சிம்பிள்’ நாவலைப் படித்துக்கொண்டிருக்கிறேன். புயலில் வளைகுடாவுக்குள் சிக்கிய கப்பலில், கேப்டன் சாவேஜ் நங்கூரம் போடச் சொல்கிறார். போட்ட சூட்டோடு வடத்தை வெட்டச் சொல்கிறார். வெட்டுவதற்கா போட்டார்கள்? வெறும் பரபரப்புக்காக எழுதியதாகவே எனக்குப் பட்டது.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பரபரப்பு இல்லை, கணக்கு. அங்கே நங்கூரம் கப்பலை நிறுத்த அல்ல, திருப்ப. ‘கிளப் ஹாலிங்’ என்பார்கள்.

பருமல்களில், அதாவது பாய்மரத்தின் குறுக்குக் கழிகளில், பாய் கட்டிய கப்பல் காற்றை நேராக எதிர்த்து ஓடாது. காற்று வரும் திசையிலிருந்து 65, 70 பாகையாவது விலகித்தான் ஓடும். கரை நெருங்கினால் மறுபக்கம் திரும்ப வேண்டும். அதற்கு இரண்டு வழி. முகப்பைக் காற்றுக்குக் குறுக்கே கொண்டுபோவது ஒன்று. புயலில் அலை முகப்பில் அறைய, வேகம் செத்துப் பழைய பக்கமே சரிந்துவிடும். பின்புறத்தைக் காற்றுக்குக் காட்டிச் சுற்றி வருவது மற்றொன்று. அது தப்பாது, ஆனால் அந்தச் சுற்றில் கப்பல் கரைப் பக்கமாக நிறைய இறங்கும். சாவேஜின் கப்பலான ‘டயமீடு’க்கு அந்த இடம் இல்லை.

இனி உங்கள் காட்சி. காற்று வலப்புறம் என்றால் இடப்புற நங்கூரத்தைத்தான் போட வேண்டும். முகப்பு காற்றை நோக்கி ஏறி வேகம் சாகும் நேரத்தில் அது மண்ணைக் கவ்வும்; வடம் விறைத்து முகப்பைப் பிடித்து இழுக்கும். திரும்பியபின் காற்று இடப்புறமாகிவிடும், வடமும் அதே பக்கம் நிற்கும். கப்பல் கரைக்கு ஒதுங்காமல் அது தாங்கிக்கொள்ளும். வலப்புறத்தைப் போட்டிருந்தால் வடம் முகப்புக்கு அடியில் குறுக்கே கிடந்திருக்கும்.

வெட்டும் நேரம்தான் உயிர். முந்தினால் கப்பல் பழையபடி சரியும். பிந்தினால் வடம் முகப்பை மறுபடி காற்றுக்கே இழுக்கும். பாய் படபடத்து நின்றுவிடும். அந்தப் பத்தியில் கேப்டனின் கண்ணைக் கவனியுங்கள்: முதலில் பாயைப் பார்க்கிறார், பிறகு வடத்தை. பாய் புதுப்பக்கம் காற்றைப் பிடித்ததா, வடம் எந்தப் பக்கம் நிற்கிறது, இரண்டும் தெரிந்தபின்தான் கோடரி. வெட்டிய சணல்வடம் உராய்வில் தீப்பறக்க முகப்பிலுள்ள வட ஓட்டை வழியே பாய்ந்து போகிறது.

1806-இல் கடற்படையில் சேர்ந்து, கேப்டன் காக்ரேனின் ‘இம்பீரியூஸ்’ கப்பலில் பழகி, 1830-இல் விலகியவர் மேரியட். நாவல் 1834. பிறர் எழுத்தில் கடல் தப்பாக வந்தாலே அவருக்குப் பொறுக்காது. ‘சுவிஸ் ஃபேமிலி ராபின்சன்’ கதை மீதிருந்த அந்த எரிச்சலில் பிறந்ததுதான் அவருடைய ‘மாஸ்டர்மேன் ரெடி’ நாவல்.

போன நங்கூரம் போனதுதான். திரும்பியும் டயமீடு தப்பிவிடவில்லை, வளைகுடாவின் முனை ஒன்றைத் தாண்டியாக வேண்டும். அதை நான் சொல்வதாக இல்லை, அடுத்த பக்கத்தைப் புரட்டுங்கள்.