பின்னிய பாத்திரத் துணி ஏன் தொளதொளவென்று ஆகிறது?

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "ஸ்பாஞ்சை அடிக்கடி தூக்கிப் போட மனம் வராமல், பாத்திரம் துலக்க நானே காட்டன் நூலில் துணி பின்னினேன். முன்பு அக்ரிலிக் நூலில் ஸ்வெட்டர் பின்னிய பழக்கம் உண்டு. இங்கே 10-ஆம் நம்பர் கோரா நூல் கோனாகக் கிடைத்தது. அதில் ஆறு இழை சேர்த்து, அமெரிக்காவிலிருந்து மகள் வாங்கி வந்த 8-ஆம் நம்பர் ஊசியில் 60 கண்ணி (ஊசியில் ஏற்றும் நூல் வளையம்) போட்டு, ஒரு வரிசை நிட் (நேர்ப் பின்னல்), ஒரு வரிசை பர்ல் (மறுபக்கப் பின்னல்) என்று 14 அங்குலத்துக்குப் பின்னினேன். ஓரம் சுருட்டிக்கொள்கிறது. நனைத்தால் தொங்குகிறது. தண்ணீரையும் சரியாக உறிஞ்சவில்லை. மூன்றாம் நாளே வாடை வருகிறது. எங்கே தவறு?"

உங்கள் கைவேலையில் தவறு இல்லை. ஸ்வெட்டருக்கான முறையைப் பருத்தி நூலுக்குப் பயன்படுத்தியதுதான் சிக்கல். கம்பளியோ அக்ரிலிக்கோ இழுத்தால் ஓரளவு பழைய இடத்துக்குத் திரும்பும். பருத்திக்கு அந்தக் குணம் இல்லை. இழுத்த இடத்திலேயே நின்றுவிடும், நனைந்தால் கனமும் ஏறும். பின்னல் தளர்வாக இருந்தால் அந்தக் கனமே துணியை நீட்டிவிடும். ஆனால் நனைந்த பருத்தி இழை காய்ந்த இழையைவிட வலுவானது. தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிற வேலைக்கு இதைவிடப் பொருத்தமான நூல் இல்லை என்பேன். மென்மையாக இருக்கிறதே என்று சிலர் பாம்பூ (மூங்கில்) நூல் வாங்குகிறார்கள். அது பெரும்பாலும் கூழிலிருந்து செய்யும் விஸ்கோஸ் இழைதான், நனைந்தால் வலு குறையும். முகம் துடைக்கச் சரி, பாத்திரத்துக்கு வேண்டாம்.

முதலில் ஊசி. நம் கடைகளில் கிடைக்கும் ஊசிகளில் பழைய ஆங்கிலேய எண் இருக்கும். அந்தக் கணக்கில் 8 என்றால் 4 மில்லிமீட்டர். அமெரிக்கக் கணக்கில் 8 என்றால் 5 மில்லிமீட்டர். உங்கள் மகள் கொண்டுவந்தது இரண்டாவது வகை. ஆங்கிலேயக் கணக்கில் எண் ஏற ஏற ஊசி மெலியும், அமெரிக்கக் கணக்கில் தடிக்கும். அதனால் நம்பரை மறந்துவிட்டு மில்லிமீட்டரை மட்டும் பாருங்கள். பாத்திரத் துணிக்கு 4 மில்லிமீட்டர் போதும். தளர்வாகப் பின்னும் கை என்றால் 3.5 எடுங்கள்.

அப்புறம் நூலின் தடிமன். ஒரு பவுண்டு எடைக்கு 840 கெஜம் கொண்ட சிட்டம் (வளையமாகச் சுற்றிய நூல் கற்றை) எத்தனை வருகிறதோ அதுதான் நூலின் நம்பர். அதனால்தான் நம்பர் கூடக் கூட நூல் மெலிகிறது. 10-ஆம் நம்பரில் ஒரு கிராமுக்குச் சுமார் 17 மீட்டர் வரும். பாத்திரத் துணிக்கென்று விற்கும் காட்டன் நூல் 50 கிராமுக்கு ஏறத்தாழ 85 மீட்டர், அதாவது கிராமுக்கு 1.7 மீட்டர். கணக்குப் போட்டால் உங்கள் நூலில் பத்து இழை சேர்ந்தால்தான் அந்தத் தடிமன் வரும். எட்டு இழை இருந்தாலும் 4 மில்லிமீட்டர் ஊசிக்கு நன்றாகவே இருக்கும். ஆறு இழையை 5 மில்லிமீட்டரில் பின்னியதால்தான் வலை மாதிரி ஆகிவிட்டது. இழைகள் பிரிந்து ஊசியில் மாட்டினால், உருண்டை சுற்றும்போதே லேசாக முறுக்கிச் சுற்றுங்கள்.

தண்ணீரை உறிஞ்சாததற்குக் காரணம் 'கோரா' என்ற சொல்லிலேயே இருக்கிறது. சாயம் போடாத, வேகவைக்காத நூல் அது. பருத்தி இழையின் மேல் இயற்கையாகவே மெழுகு படிந்திருக்கும். அது போகாதவரை தண்ணீர் உள்ளே இறங்காது. ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், நூலின் மேல் முத்தாக நிற்கும். சாயப்பட்டறையில் முதல் வேலையே இதை எடுப்பதுதான். வீட்டிலும் செய்யலாம். நூலைச் சிட்டமாகச் சுற்றி, சிக்கலாகாமல் இருக்க நாலு இடத்தில் தளர்வாகக் கட்டுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு டீஸ்பூன் சலவைச் சோடா, கொஞ்சம் சோப்புத்தூள் போட்டு முக்கால் மணி நேரம் கொதிக்க விடுங்கள். தண்ணீர் பழுப்பாக மாறும், அது நல்ல அறிகுறி. எவர்சில்வர் பாத்திரத்தில் செய்யுங்கள், சலவைச் சோடா அலுமினியத்தை அரித்துவிடும். பிறகு இரண்டு மூன்று தண்ணீரில் அலசிக் காயப்போடுங்கள். கடையில் வாங்கிய சாய நூலுக்கு இது தேவையில்லை. ஆனால் 'காட்டன்' என்று சொல்லிக் கலப்பு நூல் தருவதும் உண்டு. ஒரு துண்டைப் பற்றவைத்துப் பாருங்கள். பருத்தி காகிதம் போல எரிந்து சாம்பலாகும். அக்ரிலிக் கலந்திருந்தால் உருகிக் கட்டியாகும்.

ஓரம் சுருள்வது நிட் வரிசையும் பர்ல் வரிசையும் மாறி மாறி வரும் பின்னலின் இயல்பு. எல்லா வரிசையையும் நிட்டாகவே பின்னினால் துணி தட்டையாகக் கிடக்கும், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வரும், அந்த மேடுபள்ளம் பிசுக்கையும் எடுக்கும். இதையே மூலையிலிருந்து பின்னுகிற முறை ஒன்று அமெரிக்காவில் பல தலைமுறையாக இருக்கிறது. எனக்குப் பிடித்தது அதுதான்.

நாலு கண்ணி போட்டு ஒரு வரிசை நிட் பின்னுங்கள். அதன் பின் ஒவ்வொரு வரிசையிலும் இரண்டு கண்ணி பின்னி, நூலை ஊசி மேல் ஒரு சுற்றுப் போட்டு, மீதியை நிட்டாக முடியுங்கள். வரிசைக்கு ஒரு கண்ணி கூடும், ஓரத்தில் அழகான துளை வரிசை தானாக வரும். 44 கண்ணி ஆனதும் குறைக்க ஆரம்பியுங்கள். ஒரு கண்ணி பின்னி, இரண்டைச் சேர்த்து ஒன்றாகப் பின்னி, நூலைச் சுற்றி, மறுபடி இரண்டைச் சேர்த்துப் பின்னி, மீதியை நிட்டாக முடியுங்கள். நாலு கண்ணி மிஞ்சும்போது அடைத்துவிடலாம். பக்கத்துக்கு ஏறக்குறைய 7 அங்குலம் வரும். இதில் அளவு முன்கூட்டியே தெரிய வேண்டியதில்லை. சாய்ந்த ஓரத்தை அளந்து, வேண்டிய நீளம் வந்ததும் குறைக்கத் தொடங்கினால் போதும். மிச்ச நூலில் பின்னுகிறீர்களா? சமையலறைத் தராசில் நிறுத்து, மொத்த நூலில் பாதியைவிட இரண்டு கிராம் கூடுதலாக மீதி இருக்கும்போதே குறைக்கத் தொடங்கிவிடுங்கள்.

முனை நூலை 15 சென்டிமீட்டராவது விட்டு, தையல் ஊசியால் ஒரு பக்கம், எதிர்ப்பக்கம், மறுபடி முதல் பக்கம் என்று மூன்று முறை செருகுங்கள். பருத்தி வழுக்கும், ஒரே திசையில் செருகினால் நாலு சலவையில் வெளியே வந்துவிடும்.

வாடை விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பு. 14 அங்குலத் துணி நம் ஊர்ச் சமையலறையில் ஒரு இரவில் காயாது. காயாத துணியில் கிருமி பெருகும், வாடை அதிலிருந்துதான் வருகிறது. ஏழெட்டு அங்குலத்தில் சிறிதாக ஏழு துணி பின்னிக்கொண்டு தினம் ஒன்று மாற்றுங்கள். பயன்படுத்தியதைச் சிங்க்கில் சுருட்டி வைக்காமல் பிழிந்து விரித்துப் போடுங்கள். ஒரு மூலையில் மாட்டினால் நீளும், கொடியில் மடித்துப் போட்டால் நீளாது. வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் கொதிக்க வைத்து வெயிலில் காயவிடுங்கள். கஞ்சியும் வேண்டாம், துணியை மென்மையாக்கும் திரவமும் வேண்டாம். இரண்டும் உறிஞ்சும் தன்மையைக் கெடுக்கும். மஞ்சள் கறை சோப்புப் பட்டதும் சிவக்கும், பயப்படாதீர்கள். அலசி வெயிலில் போட்டால் வெளுத்துவிடும்.

அடிப்பிடித்த பாத்திரத்துக்குப் பீர்க்கங்காய் நாரும் தேங்காய் நாரும்தான் சரி. பின்னிய துணி சுரண்டாது. ஈரத் துணியால் சூடான பாத்திரத்தையும் பிடிக்காதீர்கள், துளை வழியாக ஆவி கையைச் சுட்டுவிடும்.

இதே துணியைக் குளிக்கவும் பின்னலாம். 10-ஆம் நம்பரில் ஆறு இழை, 3.5 மில்லிமீட்டர் ஊசி எடுத்தால் கைக்குழந்தைக்கும் உறுத்தாது. ஆளுக்கொரு நிறம் வைத்துக்கொள்ளுங்கள். அடுப்படித் துணி குளியலறைக்குப் போகக் கூடாது.

சரி, அந்த 14 அங்குலத் துணியை என்ன செய்வது? பிரித்துவிடுங்கள், நூல் வீணாகாது. நாற்காலி முதுகில் சிட்டமாகச் சுற்றிக் கட்டி, மேலே சொன்னபடி சோடாவில் கொதிக்க வைத்துத் தொங்கவிட்டால் நெளிவும் போகும், மெழுகும் போகும். அதோடு கோனிலிருந்து இரண்டு இழை சேர்த்து மூலையிலிருந்து தொடங்குங்கள். ஆனால் புது இழையையும் முதலில் வேகவைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் முதல் சலவையில் இரண்டும் ஒரே அளவில் சுருங்காது.