வாசகர் வினா – வைத்தியர் விடை: பெருநாடி வீக்கமும் பெருநாளத் துளையும்

வினா: 68 வயதான என் அப்பாவுக்குச் சில வாரங்களாகக் கால் வீக்கமும் மூச்சிரைப்பும் இருந்தன. இருதய நோயென்று நீர்க்குளிசை கொடுத்தும் குறையவில்லை. வயிற்றுப் பெருநாடி (இருதயத்திலிருந்து குருதியைக் கொண்டுசெல்லும் பெரிய குழாய்) 7 சென்ரிமீற்றருக்கு வீங்கி, பக்கத்திலுள்ள பெருநாளத்துக்குள் (குருதியை இருதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் பெரிய குழாய்) துளைத்துவிட்டதாக சி.ரி. ஸ்கானில் தெரிந்ததால், உடனே சத்திரசிகிச்சை வேண்டுமென்கிறார்கள். முதலில் இருதயத்தைத் தேற்றிவிட்டுச் செய்யலாமே என்கிறார்கள் உறவினர்கள். என்ன செய்வது?
– வாசகி, சாவகச்சேரி

விடை: துளையை மூடாமல் இருதயத்தைத் தேற்ற முடியாது. உயர் அமுக்கத்தில் ஓடும் நாடிக் குருதி, உடலைச் சுற்றாமல், துளை வழியே கீழ்ப் பெருநாளத்துக்குள் பாய்ந்து நேரே இருதயத்துக்குத் திரும்புகிறது. வாய்க்கால் நடுவில் உடைத்துக்கொண்டால் மிஷின் எவ்வளவு இறைத்தாலும் கடைசிப் பாத்தி நனையாதல்லவா? நாளத்தில் அமுக்கம் ஏறுவதால் கால்கள் வீங்கும், சிறுநீரகம் தளரும், சிலருக்குச் சிறுநீரில் குருதியும் போகும். ஸ்கொட்லாந்தின் சத்திரசிகிச்சை நிபுணர் ஜேம்ஸ் சைம் 1831 இலேயே இதனை விவரித்திருந்தாலும், மிக அரிதானது என்பதால் இன்றும் இருதய நோயென்றே முதலில் எண்ணப்படுவதுண்டு.

துளை இல்லாத வீக்கமாயின், ஆண்களில் 5.5 சென்ரிமீற்றர் வரை கண்காணித்துப் பொறுத்திருக்கலாம். இங்கே அந்த அவகாசம் இல்லை. வயிற்றைத் திறந்து பெருநாடியைக் கவ்வியால் அடைக்கும் வரை வீக்கத்தை அழுத்தவோ அசைக்கவோ கூடாது. உள்ளே உறைந்திருக்கும் குருதிக்கட்டி துளை வழியே நழுவி நுரையீரலை அடைத்துவிடும். வீக்கத்தைப் பிளந்ததும் நாளக் குருதி பொங்கி வரும். நாளத்தைப் பெருநாடியிலிருந்து பிரித்தெடுக்க முயன்றால் அது மேலும் கிழியுமாகையால், துளைக்கு மேலும் கீழும் விரலாலோ பஞ்சுத் திரணையாலோ அமர்த்திப் பிடித்துக்கொண்டு, வீக்கத்தின் உட்புறத்திலிருந்தே அதைத் தைத்து மூடுவார்கள். பிறகு செயற்கைக் குழாய் பொருத்துவது வழமையான வேலைதான்.

தொடை நாடி வழியாக ஸ்டென்ற் (பெருநாடிக்குள் விரியும் உறையிட்ட வலைக்குழாய்) செலுத்தும் முறையும் உண்டு. வயிற்றைத் திறக்கத் தேவையில்லையெனினும், பின்புறச் சிறு நாடிகள் வீக்கத்துக்குள் தொடர்ந்து குருதியைச் சேர்த்தால், நாளத்துக்குள் கசிவு நிற்காமல் போகலாம். பொருத்தமா என்பதை ஸ்கான் படத்தைப் பார்த்து நிபுணரே கூற வேண்டும்.

ஆபத்து சிறிதென்று சொல்லமாட்டேன். முன்கூட்டித் திட்டமிட்டுச் செய்யும் வழமையான சத்திரசிகிச்சையைவிட இது பல மடங்கு கடுமையானது. ஆயினும் செய்யாதுவிட்டால் தப்புவது மிக அரிது. துளை அடைபட்ட பின் பெரும்பாலானவர்களுக்குச் சிறுநீர் தாராளமாகப் பிரிந்து கால் வீக்கம் வடியத் தொடங்கும்.

இந்நோய் குடும்பத்தில் தொடரக்கூடியது. ஆகவே 60 வயதைக் கடந்த பெரியப்பா, சித்தப்பா இருந்தால், அதிலும் சுருட்டுப் பிடிப்பவர்களாக இருந்தால், அவர்களுக்கும் வயிற்றில் ஓர் அல்ட்ராசவுண்ட் ஸ்கான் எடுப்பியுங்கள்.