முரானோ ஜாடிக்காகச் சம்பளத்தை அடகு வைக்கலாமா?

கேள்வி: கோவைக்காரனான நான் 11 ஆண்டுகளாக மிலானில் பொறியாளராக இருக்கிறேன். கைக்கு வருவது 3,200 யூரோ. வாடகை 1,150, வீட்டுச் செலவு 1,000, ஊரில் அம்மாவுக்கு 350. வெனிஸ் அருகே முரானோ தீவில் 1950-களில் ஊதிச் செய்த கலைக்கண்ணாடிகளைச் சேர்த்து வருகிறேன். 23 உருப்படிகள் சேர்ந்துவிட்டன, பட்டியலை இணைத்திருக்கிறேன். விலை ஏறும், வட்டியை அது ஈடுகட்டிவிடும் என்பது என் கணக்கு. பெரும்பாலானவை கிரெடிட் கார்டில் வாங்கியவை. 14,000 பாக்கி நிற்கிறது, வட்டி 17%, மாதம் 350 கட்டுகிறேன். அடுத்த மாதம் வடிவமைப்பாளர் ஃபுல்வியோ பியான்கோனியின் பெட்சாத்தோ ஜாடி ஒன்று ஏலத்துக்கு வருகிறது. சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும் கடனில் 25,000 எடுத்து அதை வாங்கலாமா? இல்லை, நண்பர் சொல்கிற கலைப்பொருள் டோக்கனில் போடலாமா? நான்கு ஆண்டில் ஊர் திரும்ப எண்ணம்; கோவையில் வீடு, மகளின் படிப்பு என்று திட்டம் இருக்கிறது. கோவையில் விற்றுத் தருவதாக மச்சான் சொல்கிறார். அமெரிக்காவில் 3.99 டாலர் ஜாடி லட்சம் டாலருக்குப் போன செய்தியைப் பார்த்த பிறகு, விற்கவும் மனம் வரவில்லை. மனைவி ரொம்பக் கவலைப்படுகிறார்.
- வாசகர், மிலான்

பதில்: இரண்டுமே வேண்டாம். மனைவி கவலைப்படுவதில் முழு நியாயம் இருக்கிறது.

உங்கள் ரசனையை நான் குறை சொல்லவில்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்த பின் வந்த அந்த இருபது ஆண்டுகளில் முரானோ உலைகளிலிருந்து வந்தவை உண்மையிலேயே அபூர்வமானவை. நீங்கள் பட்டியலிட்டிருக்கும் வடிவமைப்பாளர் ஃப்ளாவியோ போலியின் வேலைக்கு 1954-லேயே கொம்பாசோ தோரோ என்ற இத்தாலிய வடிவமைப்பு விருது கிடைத்தது. பெட்சாத்தோவில் சதுரச் சதுரமாக வெட்டிய வண்ணக் கண்ணாடித் துண்டுகளைச் சூட்டில் ஒட்டவைத்து ஊதியிருக்கும் விதத்தைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். எனக்கும் வரும். கெடுதல் கண்ணாடியில் இல்லை. முந்தைய ஜாடியின் கடன் அடைவதற்குள் அடுத்த ஜாடிக்குக் கை தூக்குகிறீர்களே, அந்தப் பழக்கத்தில் இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். 14,000-க்கு 17% என்றால் ஆண்டுக்கு ஏறக்குறைய 2,400 வட்டி, மாதத்துக்கு 200. நீங்கள் கட்டும் 350-ல் அசலுக்குப் போவது 150 மட்டுமே. இன்றே வாங்குவதை நிறுத்தினாலும் இந்த வேகத்தில் கடன் முடிய ஐந்து ஆண்டு ஆகும், வட்டியாக மட்டும் 6,800 யூரோ போகும். நீங்களோ நிறுத்தவில்லை. வாடகை, வீடு, அம்மா, கார்டு எல்லாம் போக மாதம் 350 மிஞ்ச வேண்டும். அது எங்கே என்று கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. ஏலத்துக்குத்தான் போகிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

"விலை ஏறும், வட்டியை அது ஈடுகட்டிவிடும்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு ஜாடியை எடுத்துக்கொள்வோம். சுத்தியல் விழுந்த விலை 2,000. வாங்குபவர் கமிஷன் 25% என்றால் 500, பொதி கட்டி அனுப்ப 150. ஆக 2,650. மூன்று ஆண்டு கார்டில் கிடந்தால் வட்டி சுமார் 1,350, அடக்கம் 4,000. விற்கும்போது ஏல நிறுவனம் 15% பிடித்தால், கைக்கு 4,000 வர ஏலத்தில் 4,700 போக வேண்டும். 2,000 யூரோவுக்கு வாங்கிய பொருள் மூன்றே ஆண்டில் 4,700 ஆனால்தான் உங்களுக்கு நஷ்டமில்லை. அதாவது ஆண்டுக்கு 33% ஏற வேண்டும். லாபம் இன்னும் தொடங்கவே இல்லை.

அந்த 3.99 டாலர் செய்திக்கு வருகிறேன். இத்தாலியக் கட்டடக் கலைஞர் கார்லோ ஸ்கார்ப்பா 1940-களில் முரானோவின் வெனினி கண்ணாடி நிறுவனத்துக்காக வடிவமைத்த ஜாடி அது. வெர்ஜீனியாவில் பழைய பொருள் கடையில் கிடைத்து, 2023 டிசம்பரில் ரைட் ஏல நிறுவனத்தில் 1,07,100 டாலருக்குப் போனது. விற்றவர் கைக்கு வந்ததோ சுமார் 83,500 தான். அவ்வளவு அதிர்ஷ்டமான விற்பனையிலும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் நடுவிலேயே போய்விட்டது. அவர் 17% வட்டிக்கும் வாங்கவில்லை, சில்லறைக் காசு கொடுத்து வாங்கினார்.

இப்போது நீங்கள் கேட்ட சம்பளப் பிடித்தக் கடன், இத்தாலியில் செசியோனே டெல் குவின்தோ என்பார்கள். நிகரச் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்குவரை முதலாளியே பிடித்துக் கட்டிவிடுவார், பத்து ஆண்டுவரை தவணை உண்டு. அதனால்தான் எளிதாகக் கொடுக்கிறார்கள். 25,000-ஐப் பத்து ஆண்டுக்கு 8% என்று வைத்தால் மாதம் 303, மொத்தம் 36,400. இதைவிட முக்கியமான ஒன்றை உங்களுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. இந்தக் கடனுக்கு ஈடாக நிற்பது உங்கள் டி.எஃப்.ஆர்., வேலையை விடும்போது கைக்கு வரவேண்டிய பணிக்கொடை. நான்கு ஆண்டில் ஊர் திரும்பும்போது இந்தக் கடனில் இன்னும் 17,300 பாக்கி இருக்கும். அதைப் பணிக்கொடையிலிருந்து கடன்காரர் எடுத்துக்கொண்ட பிறகு மீதிதான் உங்களுக்கு. கோவையில் வீடு, மகளின் படிப்பு என்று நீங்கள் எழுதியிருப்பதெல்லாம் அந்தப் பணத்தை நம்பித்தானே?

டோக்கன் பற்றி நீளமாகச் சொல்ல ஏதுமில்லை. ஒரு ஜாடியை ஆயிரம் பங்காகப் பிரித்து விற்கிறார்கள். ஜாடி அவர்களிடம், காப்பகக் கட்டணம் உங்களிடம், திரும்ப விற்க ஆள் கிடைப்பதும் அவர்கள் தளத்தை நம்பி. இப்படிப்பட்ட திட்டங்களை விற்க வருபவர்களிடம் எனக்குப் பொறுமை குறைவு. குறைந்தபட்சம் உங்கள் ஜாடியை மேசைமேல் வைத்துப் பார்க்கவாவது முடிகிறது.

மச்சானிடம் அன்பாக மறுத்துவிடுங்கள். அவருக்கு நல்ல மனம் இருக்கலாம், ஆனால் பியான்கோனிக்கும் ஃப்ளாவியோ போலிக்கும் போட்டி போட்டு விலை கேட்பவர்கள் மிலானிலும் பாரிசிலும் நியூயார்க்கிலும்தான் இருக்கிறார்கள். தவிர, இத்தாலியச் சட்டப்படி, செய்தவர் காலமாகி, பொருளுக்கு 70 வயது கடந்து, மதிப்பும் 13,500 யூரோவுக்கு மேல் என்றால், நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக அனுமதி வேண்டும். 1950-51 வாக்கில் செய்த பெட்சாத்தோ அந்த வயதைத் தாண்டிவிட்டது. விற்பதென்றால் இங்கேயே விற்றுப் பணமாக எடுத்துப் போங்கள்.

எதை விற்பது? மனதுக்கு வலிக்காதவற்றை முதலில் தள்ளலாம் என்றுதான் தோன்றும். பட்டியலில் பத்தொன்பது உருப்படிகள் செய்தவர் பெயர் தெரியாத சொம்மெர்சோ (ஒரு நிறக் கண்ணாடிக்குள் இன்னொரு நிறம் அமிழ்ந்த) கிண்ணங்களும் ஆஷ்ட்ரேக்களும். அப்படிப்பட்டவை சந்தையில் ஏராளம். பொஹிமியாவில் செய்ததும் பின்னாளில் சீனாவில் செய்ததும் அதே பெயரில் கலந்துகிடக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாகப் பொதி கட்டி அனுப்பினால் உழைப்புக்குக்கூடக் கட்டாது. அவற்றை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள், அழகுதான். விற்க வேண்டியது ஃப்ளாவியோ போலியின் ஜாடியும், கைக்குட்டை மடிந்ததுபோல் இருக்கும் ஃபாட்சொலெத்தோக்களில் ஒன்றும். கஷ்டமாக இருக்கும், தெரியும்.

ஃபாட்சொலெத்தோவை அனுப்புமுன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். வெனினி, முரானோ, இத்தாலியா என்று மூன்று வரியில் அமிலத்தால் பொறித்த பழைய முத்திரையா, ஊசியால் கீறிய கையெழுத்தும் ஆண்டும் உள்ள பிற்காலத் தயாரிப்பா என்பதில் விலை பல மடங்கு மாறும். அந்த நிறுவனம் இதை இன்றும் செய்கிறது, வேறு உலைகளும் நகலெடுத்திருக்கின்றன. முத்திரையையே போலியாகப் பொறிப்பதும் உண்டு. ஒட்டியிருக்கும் லேபிளை மட்டும் நம்பாதீர்கள், அது ஒரு ஜாடியிலிருந்து இன்னொன்றுக்கு எளிதாக மாறும். விளிம்பில் விரலை ஓட்டிப் பாருங்கள். உடைந்ததை அரைத்து மெருகேற்றியிருந்தால் வளைவு ஓரிடத்தில் தட்டையாக இருக்கும். பூ வைத்துத் தண்ணீர் தேங்கி உள்ளே வெண்மையாகப் படிந்திருந்தாலும் விலை விழும். இரண்டு ஏல நிறுவனங்களிடம் மதிப்பீடு கேளுங்கள். விற்பனைக் கமிஷனில் பேரம் பேசலாம், பலரும் குறைக்கிறார்கள்.

இரண்டையும் விற்றுக் கைக்கு 4,500 வந்தது என்று வைப்போம். கார்டு பாக்கி 9,500 ஆகும். இப்போது கட்டும் 350-உடன் ஏலத்துக்குப் போகும் 350-ஐயும் சேர்த்து 700 கட்டினால் சுமார் 15 மாதத்தில் கடன் தீரும். அதுவரை கார்டு வீட்டில் மனைவியிடம் இருக்கட்டும். அம்மாவுக்கு அனுப்பும் 350-ல் கைவைக்க வேண்டாம். கடன் தீர்ந்தபின் அதே 700-ல் 500 ஊர் திரும்புவதற்கான சேமிப்பு, 200 கண்ணாடிக்கு. அந்த 200 சேர்ந்து எப்போது ஒரு நல்ல ஜாடிக்குப் போதுமோ அப்போது ரொக்கமாக வாங்குங்கள்.

நடுவில் பார்க்க ஆசை எழுந்தால் வெனிஸுக்கு ரயிலேறுங்கள். சான் ஜோர்ஜோ மஜோரே தீவில் 2012 முதல் நடக்கும் லே ஸ்தான்சே டெல் வெத்ரோ காட்சிகளுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. மகளையும் கூட்டிப் போங்கள்.

அடுத்த மாத ஏலத்துக்கு முன்கூட்டியே விலை எழுதிக் கொடுத்திருந்தால் இந்த வாரமே மின்னஞ்சலில் திரும்பப் பெறுங்கள். ஏலம் தொடங்குமுன் எழுத்தில் கேட்டால் பெரும்பாலான நிறுவனங்கள் ஒப்புக்கொள்ளும், சுத்தியல் விழுந்த பிறகு ஒப்புக்கொள்ளாது.