செயலிழந்த சிறுநீரகம் மீண்டும் இயங்குமா?

கேள்வி: எங்கள் ஊர் கானாடுகாத்தான். தைப் பொங்கலை ஒட்டி, பூட்டிக் கிடந்த பூர்வீக வீட்டைத் திறந்து, பின்கட்டுக்கு அப்பால் மண்டியிருந்த புதரை வெட்டிச் சுத்தம் செய்தோம். 61 வயதான என் அம்மாவும் கூடவே நின்றார். பத்து நாளில் காய்ச்சல் வந்தது. பிறகு மூச்சுத் திணறி, சிறுநீரும் குறைந்ததால் மதுரையில் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தோம். ‘உண்ணிக் காய்ச்சல், பல உறுப்புகள் செயலிழந்துவிட்டன’ என்றார்கள். வென்டிலேட்டர், டயாலிசிஸ் எல்லாம் நடந்தது. இப்போது எதுவும் தேவைப்படாமல் வீட்டில் இருக்கிறார். செயலிழந்த உறுப்பு எப்படித் திரும்பும்? பயமுறுத்திப் பணம் பறித்துவிட்டதாக உறவினர்கள் சொல்கிறார்கள்.

பதில்: நீங்கள் அனுப்பிய டிஸ்சார்ஜ் சுருக்கத்தைப் படித்த வரையில், உறவினர்களின் சந்தேகத்துக்கு அதில் இடமில்லை. நுரையீரல், சிறுநீரகம், கல்லீரல், ரத்த ஓட்டம், ரத்தம் உறைதல், மூளை ஆகிய ஆறுக்கும் தலா 0 முதல் 4 வரை மதிப்பெண் இடும் ‘சோஃபா’ அளவீடு 1996 முதல் உலகெங்கும் பயன்பாட்டில் உள்ளது. மதிப்பெண் ஏற ஏற, உறுப்பின் செயலிழப்பு அதிகம் என்று பொருள். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் உங்கள் தாயாருக்கு 5.8 வரை ஏறியது; அதற்கே முழு 4 மதிப்பெண் விழும். ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் 38,000-க்கு இறங்கியதற்கு 3.

இனி, எப்படித் திரும்பியது என்பதைப் பார்ப்போம். உண்ணிக் காய்ச்சலை உண்டாக்கும் கிருமி, புதர்களில் வாழும் ஒரு வகை உண்ணியின் கண்ணுக்கு எளிதில் தெரியாத இளம்புழு கடிக்கும்போது உடலுக்குள் நுழைந்து, நுண்ணிய ரத்தக் குழாய்களின் உட்சுவரைத் தாக்குகிறது. சுவர் கசிந்து நீர் வெளியேறுவதாலும், கிருமியை எதிர்க்கும் உடலின் வேகம் கட்டுமீறுவதாலும், ஒரே சமயத்தில் பல உறுப்புகள் தடுமாறுகின்றன. ஆனால் இத்தகைய கடும் தொற்றில் இறந்தவர்களின் இதயத்தையும் சிறுநீரகத்தையும் நுண்ணோக்கியில் ஆராய்ந்தவர்கள், எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவான செல்களே மடிந்திருந்ததைக் கண்டார்கள். மின்சாரம் குறைந்த நேரத்தில் மில்லை நிறுத்தி வைப்பதுபோல, செல்கள் தம் வேலையைச் சுருக்கிக்கொண்டு உயிரை மட்டும் காத்துக்கொள்கின்றன என்ற விளக்கம், முழுதாக நிறுவப்படாவிட்டாலும், உங்கள் தாயாரைப் போன்றவர்களிடம் காணும் மீட்சிக்குப் பொருந்துகிறது. டயாலிசிஸும் வென்டிலேட்டரும் அந்த இடைவெளியைக் கடக்க உதவியவை. அவை நோயைக் குணப்படுத்துபவை அல்ல.

நோயைத் தீர்த்தது, உரிய ஆன்டிபயாடிக்தான். இடுப்பில் சேலை கட்டுமிடத்தில், சிகரெட் சுட்டது போன்ற கருத்த பொருக்கு ஒன்றைச் செவிலியர் கண்டதாகக் குறிப்பு இருக்கிறது. அது அந்த இளம்புழு கடித்த இடம்; உண்ணிக் காய்ச்சலைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம். அது வலிக்காது, அரிக்காது; அதனால் நோயாளிக்கே தெரியாது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் தலைமையில் இந்தியாவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வில், கடுமையான உண்ணிக் காய்ச்சலுக்கு டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் என்ற இரு ஆன்டிபயாடிக்குகளையும் சேர்த்து நரம்பு வழியே கொடுத்தவர்களுக்கு, ஒன்றை மட்டும் கொடுத்தவர்களைவிடச் சிக்கல்கள் சீக்கிரம் தீர்ந்தன. இறப்பு விகிதத்தில் மட்டும் தெளிவான வேறுபாடு இல்லை.

செயலிழப்பையே நேராகத் தடுக்கும் மருந்தைத் தேடியவர்களுக்கு ஏமாற்றமே மிச்சம். பெரும் நம்பிக்கையுடன் 2001-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஆக்டிவேட்டட் புரோட்டீன் சி, மறு ஆய்வில் பலன் காட்டாததால் 2011-இல் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. அதே காலத்தில் பலன் தந்தது பகட்டில்லாத ஒரு மாற்றம்: வென்டிலேட்டர் செலுத்தும் ஒவ்வொரு மூச்சின் அளவையும் பாதியாகக் குறைத்தபோது, நுரையீரல் பழுதடைந்தவர்களின் இறப்பு சுமார் 40 விழுக்காட்டிலிருந்து 31-ஆகக் குறைந்தது என்று 2000-இல் வெளியான ஆய்வு காட்டியது. இத்துறையின் முன்னேற்றத்தில் பெரும்பகுதி, சிகிச்சையே கெடுதல் செய்யாமல் பார்த்துக்கொண்டதால் வந்தது என்பது என் கருத்து.

இனிக் கவனிக்க வேண்டியது சிறுநீரகம். கிரியாட்டினின் இயல்புக்கு வந்துவிட்டாலும், மூன்று மாதம் கழித்து அதையும் சிறுநீரில் புரதத்தையும் பரிசோதியுங்கள். மூட்டு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் தாமாக வாங்கும் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் வேண்டாம். சிறுநீரகத்தைப் பலப்படுத்தும் என்று யாரேனும் தரும் சூரணமும் வேண்டாம். கை கால் தளர்ச்சி, மறதி, தூக்கமின்மை ஆகியவை தீவிர சிகிச்சைக்குப் பின் பல மாதம் நீடிக்கலாம். நடைப்பயிற்சியைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். உங்கள் வீட்டில் அன்று புதர் வெட்டியவர்களுக்குக் காய்ச்சல் வந்ததா என்று விசாரித்தீர்களா? மறுபடியும் அந்த வேலைக்கு இறங்குபவர்கள் முழுக்கையும் முழுக்காலும் மூடிய உடை அணிந்து, முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும். அதன்பின் மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் கண்டால், புதரில் நின்ற செய்தியை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடச் சொல்லுங்கள்.