தைக்கு முன் இரைப்பைச் சத்திரசிகிச்சை செய்யலாமா?

கேள்வி: எனக்கு 23 வயது. உயரம் 157 சென்ரிமீற்றர், நிறை 104 கிலோ. பிசிஓஎஸ் (மாதவிடாயைக் குழப்பும் சூலக ஹோர்மோன் கோளாறு) இருக்கிறது. ஈரலில் கொழுப்பு என்றும் ஸ்கானில் சொன்னார்கள். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து டயற், ஜிம் எல்லாம் செய்தாயிற்று. குறைந்ததைவிடக் கூடத்தான் திரும்ப ஏறுகிறது. வரும் தையில், அதாவது இன்னும் ஐந்து மாதத்தில், எனக்குக் கல்யாணம் வைக்க வீட்டில் பேசுகிறார்கள். சென்னைக்குப் போய் இரைப்பையைக் குறைத்துக்கொண்டு ஒரு கிழமையில் வந்துவிடலாம், மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லத் தேவையில்லை என்கிறா மாமி. பெரியம்மாவோ, "வாயைக் கட்ட ஏலாததுகளுக்குத்தான் ஒப்பரேஷன்" என்கிறா. நான் எதைக் கேட்பது?
— வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: இரண்டு பேரையும் கேட்காதீர்கள். இந்தச் சத்திரசிகிச்சை உங்களுக்குப் பொருந்தக்கூடியது. தை மாதம்தான் பொருந்தாது.

முதலில் பெரியம்மாவுக்கு. 104ஐ 1.57 இன் வர்க்கத்தால் வகுத்தால் உங்கள் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு ஏற்ற நிறைச் சுட்டெண், 42. 35ஐத் தாண்டினால் வேறு நோய் இல்லாவிட்டாலும் சத்திரசிகிச்சையைப் பரிந்துரைக்கலாம் என்று சர்வதேச சத்திரசிகிச்சை நிபுணர் சங்கங்கள் 2022இல் சொல்லிவிட்டன. ஆசியர்களுக்கு நீரிழிவு குறைந்த நிறையிலேயே வந்துவிடுவதால் எங்களுக்கு அந்த எல்லை இன்னும் கீழே, 27.5. நிறை குறைந்ததும் உடம்பு சக்தியைச் செலவழிப்பதைச் சுருக்கிக்கொள்கிறது, பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹோர்மோனைக் கூட்டுகிறது. நீங்கள் குறைத்ததெல்லாம் திரும்ப ஏறியதற்கு இதுதான் முக்கிய காரணம். அதை வாயைக் கட்டாததன் குற்றம் என்று சொல்லி ஒரு பிள்ளையைக் குனிய வைப்பது அநியாயம்.

இனி என்ன செய்கிறார்கள் என்று பார்ப்போம். இங்கே அதிகம் பேசப்படுவது சிலீவ். வயிற்றில் நாலைந்து சிறு துளைகள் போட்டு, இரைப்பையின் வெளி வளைவுப் பக்கத்தை ஸ்டேப்ளரால் தைத்து வெட்டி, முக்கால் பங்குக்கு மேல் வெளியே எடுத்துவிடுவார்கள். ஒடுங்கிய குழாய்போல ஒரு பகுதிதான் மிஞ்சும். கிரெலின் பெரும்பாலும் வெட்டி எடுக்கும் பகுதியில் சுரப்பதால் பசியும் அடங்கும். எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. பைபாஸ் வேறு: மேல் முனையில் ஏறக்குறைய 30 மில்லிலீற்றர் கொள்ளும் சிறு பையை மட்டும் பிரித்து, அதைச் சிறுகுடலுடன் இணைப்பார்கள். உங்களுக்கு நெஞ்செரிவு, இரவில் புளித்த தண்ணீர் தொண்டைக்கு ஏறுவது போன்ற தொல்லை உண்டா? இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். சிலீவ் அதைக் கூட்டிவிடலாம்; அப்படிப்பட்டவர்களுக்குப் பைபாஸ்தான் நல்லது.

சிலீவ் செய்தவர்களுக்கு ஒன்று ஒன்றரை வருடத்தில் மொத்த நிறையில் கால் பங்கு அளவு குறைவதுதான் சராசரி. உங்கள் கணக்கில் 104 கிலோ 78 ஆகும். ஈரலுக்கும் மாதவிடாய்க்கும் மூட்டுக்கும் அது பெரிய லாபம். ஆனால் 55 கிலோ மணப்பெண்ணை எதிர்பார்த்து மாமி இந்த யோசனையைச் சொல்லியிருந்தால், அது நடக்காது.

ஐந்து மாதத்தில் அந்த 78உம் வராது. நிறை இன்னும் வேகமாக இறங்கிக்கொண்டிருக்கும். சட்டை தைக்க அளவு கொடுத்தால் மணநாளில் தொளதொளக்கும். மூன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம்வரை தலைமுடி கொட்டும் காலம். பெரும்பாலும் திரும்ப வளரும், ஆனால் தாலி கட்டும் நாளுக்குள் அல்ல.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்றை உங்கள் வீட்டில் ஒருவரும் யோசித்ததாகத் தெரியவில்லை. சத்திரசிகிச்சைக்குப் பிறகு 12 முதல் 18 மாதம்வரை கர்ப்பம் தரிக்கக் கூடாது. உடம்பு கரைந்துகொண்டிருக்கும் வேளையில் சிசுவுக்குப் போதிய ஊட்டம் போகாது. பிசிஓஎஸ் உள்ளவர்களுக்கு நிறை இறங்க இறங்க முட்டை வெளியேறுவது சீராகும். "எனக்கு லேசில் பிள்ளை தங்காது" என்று நினைத்திருப்பவர்கள் எதிர்பாராமல் கர்ப்பமாவது அப்படித்தான். கல்யாணமான மறுமாதமே "விசேஷம் உண்டா?" என்று கேட்கும் எங்கள் சமூகத்தில், காரணத்தையும் மறைத்துக்கொண்டு ஒன்றரை வருடம் எப்படிச் சமாளிப்பீர்கள்? பைபாஸ் என்றால் வாயால் எடுக்கும் கருத்தடை மாத்திரையை நம்பவும் முடியாது. கருப்பைக்குள் வைக்கும் லூப் அல்லது கைத்தோலுக்கடியில் வைக்கும் இம்பிளான்ட் தேவைப்படும். அதைக் கணவருக்குத் தெரியாமல் செய்யச் சொல்கிறாரா மாமி?

சாப்பாட்டையும் மறைக்க முடியாது. முதல் இரண்டு கிழமை தண்ணிச் சாப்பாடு மட்டும்: வடித்த சூப், ஆடை நீக்கிய பால், தெளிந்த கஞ்சி, பாணி மருந்து அளக்கும் சின்னக் கோப்பையால் கொஞ்சம் கொஞ்சமாக. பிறகு அரைத்தது, பிறகு மென்மையானது. சாதாரணச் சாப்பாட்டுக்குத் திரும்ப ஆறு முதல் எட்டுக் கிழமை செல்லும். அப்போதும் ஒரு நேரத்துக்கு ஒரு முட்டையும் இரண்டு மேசைக்கரண்டி பருப்பும் போதும் என்றாகிவிடும். சோறும் பாணும் உள்ளே பசைபோல் அடைக்கும். காய்ந்த கோழித் துண்டை நன்றாக மெல்லாமல் விழுங்கினால் நெஞ்சு இறுகி, வெள்ளை நுரையாக வாந்தி வரும். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது. அரை மணித்தியாலம் விட்டுத்தான் குடிக்கலாம். கல்யாண விருந்தில் மாமியார் தட்டில் அள்ளி வைக்க, நீங்கள் மூன்று வாயோடு எழும்புவதை எல்லோரும் பார்ப்பார்கள்.

இவ்வளவு ஒழுங்குக்கும் ஒரு பின்கதவு உண்டு. சீனி போட்ட பால் தேநீர், மைலோ, ஐஸ்கிரீம், பலூடா எல்லாம் அந்தக் குழாயில் தடையில்லாமல் இறங்கும். இரண்டு வருடத்துக்குப் பிறகு நிறை திரும்ப ஏறுபவர்கள் பலர் அகப்படுவது இவற்றில்தான். ராத்திரியில் ஒளித்து, கட்டுப்பாடில்லாமல் சாப்பிடும் பழக்கம் இருந்தால் அதற்கு முதலில் உளவள ஆலோசனை வேண்டும். கத்தி அதைக் குணமாக்காது.

விற்றமின் மாத்திரை ஆயுள் முழுக்க. நாளொன்றுக்கு 60 கிராமாவது புரதம், பல்விற்றமின், விற்றமின் டி, 1200 முதல் 1500 மில்லிகிராம் கல்சியம், மாதவிடாய் வரும் பெண் என்பதால் 45 முதல் 60 மில்லிகிராம் இரும்பு. கல்சியத்தையும் இரும்பையும் சேர்த்து விழுங்கக் கூடாது, இரண்டு மணித்தியால இடைவெளி விடுங்கள். பி12 மாத்திரையாகவோ மாதாந்த ஊசியாகவோ. 23 வயதில் தொடங்குகிறீர்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: இது எலும்பு உறுதியாகும் வயது, இன்னும் ஐம்பது வருடமாவது அதில் நடக்க வேண்டும். முதல் மாதங்களில் வாந்தி விடாமல் தொடர்ந்தால் தயமின் (விற்றமின் பி1) குறைந்து மூளையும் நரம்பும் பாதிக்கப்படலாம். அதற்குக் காத்திருக்காமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

சென்னையில் திறமையான நிபுணர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒரு கிழமைப் பயணம் என்பதுதான் ஆபத்து. தையல் கோடு கசிவது நூற்றில் ஒருவருக்கு அளவில் நடக்கிறது, அதுவும் வீடு திரும்பிய பிறகும் நடக்கலாம். காரணமில்லாமல் நாடித்துடிப்பு 120ஐத் தாண்டுவது, காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி, இடது தோள்வலி, மூச்சுத் திணறல்: இவற்றில் எது வந்தாலும் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். அந்த நேரம் வெட்டியவர் கடலுக்கு அப்பால், நீங்கள் கொட்டாஞ்சேனையில். காலில் இரத்தம் கட்டி நுரையீரலுக்குப் போவதும் இதே நாட்களில்தான். பிசிஓஎஸ்க்கு ஹோர்மோன் மாத்திரை எடுப்பவரானால் அந்த ஆபத்து கூடும். சில கிழமைகளுக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள். கொழும்பில் அரச போதனா வைத்தியசாலைகளிலும் இது செய்யப்படுகிறது. தனியாரில் செய்தாலும், கசிவு வந்தால் யார் பார்ப்பார்கள், அதே கட்டடத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவும் சி.ரி. ஸ்கானும் இருக்கின்றனவா, இரண்டு வருடத் தொடர் கிளினிக்கும் டயற்றீஷியனும் உண்டா என்று காசு கட்டுமுன் கேளுங்கள்.

நிறை குறைக்கும் ஊசி மருந்தைப் பற்றியும் வைத்தியரிடம் கேட்கலாம். செமக்ளூற்றைட் என்ற ஊசி சராசரியாக 15 வீதம் நிறையைக் குறைக்கும். நிறுத்தினால் பெரும்பகுதி திரும்பி வரும், கர்ப்பத்துக்கு இரண்டு மாதம் முன்பே நிறுத்தவும் வேண்டும்.

இந்தக் கிழமையே ஓர் அகஞ்சுரக்கும் தொகுதி (ஹோர்மோன்) நிபுணரைச் சனல் பண்ணுங்கள். தைரொயிட், எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சீனி அளவு), ஈரல் பரிசோதனை, பெரிற்றின் (இரும்புச் சேமிப்பு), பி12, விற்றமின் டி அறிக்கைகள் தேவைப்படும். குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் தூக்கப் பரிசோதனை. கமரா விட்டு இரைப்பையையும் பார்ப்பார்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய், 12 முதல் 18 மாதக் கணக்கை வைத்தியர் வாயாலேயே கேட்க வையுங்கள். பிறகு அம்மாவே மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லட்டும்: மகளுக்கு ஒரு சிகிச்சை இருக்கிறது, கல்யாண நாளைப் பிறகு பார்ப்போம் என்று.