400 சதுர அடிக் கேபினுக்கு எந்த விறகு அடுப்பு?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். வேலை கிடைத்து வடக்கு ஒன்ராறியோவுக்கு வந்திருக்கிறீர்கள். இருப்பது 400 சதுர அடி மரக் கேபின், சூட்டுக்குச் சுவரோர மின் ஹீட்டர் மட்டும். வீட்டுக்காரர் விறகு அடுப்புக்குச் சம்மதித்து, எதைப் போடுவதென்று உங்களையே பார்க்கச் சொல்லியிருக்கிறார். கடையிலோ 2,000 சதுர அடி வீட்டுக்கான அடுப்பைக் காட்டி, "குளிருக்குப் பெரிசுதான் நல்லது, சூடு கூடினால் காற்றைக் குறைத்துவிடலாம்" என்கிறார்கள். பெரியதையே எடுக்கட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

எடுக்காதீர்கள். அந்தக் கடைக்காரர் சொன்னதை நம்பி ஒரு குளிர்காலம் இருந்து பார்த்தவன் நான்.

கனடாவுக்கு வந்து நாலாம் வருடம் இதே அளவான கேபின் ஒன்றில் இருந்தேன். யாரோ கழற்றிப் போட்ட பெரிய வார்ப்பிரும்பு அடுப்பு மலிவாகக் கிடைத்தது. நாலு கட்டை போட்டால் அரை மணித்தியாலத்தில் உள்ளே இருக்க முடியாது. வெளியே மைனஸ் 20, நான் யன்னலைத் திறந்து வைத்திருப்பேன். விறகு வீணாகிறதே என்று இரவில் காற்றுத் திறப்பை இறுக மூடிவிட்டுப் படுக்கத் தொடங்கினேன். சுவாலையே இல்லாமல் விடியும்வரை கட்டை புகைந்துகொண்டு கிடக்கும். ஒரு கிழமையில் அடுப்புக் கண்ணாடி கறுத்துப்போனது. பிறகு ஒரு நாள் காலை பார்க்கிறேன், புகைக்குழாய் பொருத்தில் இருந்து கபில நிறத்தில் ஏதோ வழிந்து, அடுப்பின் மேல்தட்டில் சொட்டுச் சொட்டாகக் காய்ந்திருந்தது. விரலால் தொட்டால் தார் போல ஒட்டியது, மணம் இரண்டு நாளுக்குக் கையைவிட்டுப் போகவில்லை. புகைபோக்கி துப்புரவு செய்கிறவரைக் கூப்பிட்டேன். அவர் தூரிகையை மேலிருந்து இறக்க, பளபளவென்று கறுப்புச் செதில்கள் கொட்டி அரை வாளி நிறைந்தது. "இதில் தீ பிடித்திருந்தால் கூரையோடு போயிருக்கும்" என்றார். அவர் அதைச் சொன்ன அமைதிதான் என்னைப் பயப்படுத்தியது.

அந்தக் கறுப்புக்குப் பெயர் கிரியோசோட். புகை என்பது எரியாமல் தப்பிப்போகும் விறகுதான். காற்று போதாமல் கட்டை புகையும்போது அந்தப் புகை குளிர்ந்து, ஏறக்குறைய 120 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கியதும் குழாயின் உட்சுவரில் தாராகப் படியும். சின்ன இடத்தில் பெரிய அடுப்பை வைத்தால் எப்போதும் அடக்கியே எரிக்க வேண்டிவரும், எப்போதும் தார் சேரும். சின்ன அடுப்பு என்றால் துணிந்து நன்றாக எரியவிடலாம். நன்றாக எரிகிற அடுப்புத்தான் சுத்தமான அடுப்பு.

உங்களுக்கு எவ்வளவு சூடு வேண்டும் என்பதை ஒரு கணக்கில் பார்ப்போம். சுவரிலும் கூரையிலும் ஓரளவு வெப்பக்காப்பு உள்ள 400 சதுர அடிக் கேபின், வெளியே மைனஸ் 25 இருக்கும்போது உள்ளே 20 பாகையில் நிற்க, ஏறத்தாழ 4 முதல் 5 கிலோவாட் போதும். அடுப்பு விளம்பரத்தில் வெப்பத்துக்குப் போடும் கணக்கில் சொன்னால் மணிக்கு 14,000 முதல் 17,000 பி.டி.யு. கடையில் காட்டியது 60,000, 70,000 என்று போட்டிருக்கும். அது முழு வேகத்தில் எரியும்போது வருகிற உச்சம். காய்ந்த விறகு ஒரு கிலோவில் இருந்து நல்ல அடுப்பு 3 கிலோவாட் மணி அளவுக்குச் சூட்டை அறைக்குள் தரும். அப்படியென்றால் அந்த மைனஸ் 25 இரவிலும் உங்களுக்குத் தேவை மணிக்கு ஒன்றரைக் கிலோ விறகு, ஒரு நடுத்தரக் கட்டை. கேபினில் வெப்பக்காப்பே இல்லை, கதவிடுக்கால் காற்று வருகிறது என்றால் இந்தக் கணக்கு இரட்டிப்பாகும். அப்போதும் பெரிய அடுப்பைத் தேடாமல், முதலில் இடுக்குகளை அடைக்கப் பாருங்கள்.

எனவே எரியறை 1 முதல் 1.5 கன அடி உள்ள அடுப்பாகப் பாருங்கள். இங்கே ஒரு விஷயத்தைக் கடையில் பெரும்பாலும் சொல்லமாட்டார்கள். இந்தப் பக்கம் விறகு வழக்கமாக 16 அங்குல நீளத்துக்கு வெட்டித்தான் விற்பார்கள். மிகச் சின்ன அடுப்புகளில் 10, 12 அங்குலக் கட்டைதான் போகும். வாங்கிய விறகு முழுவதையும் நீங்களே மறுபடி அறுக்க வேண்டிவரும், அதுவும் குளிரில். கடைக்கு ஒரு அளவுநாடா கொண்டுபோங்கள். கதவைத் திறந்து, எரியறையின் உள்நீளத்தைச் செங்கல்லில் இருந்து செங்கல்லுக்கு அளந்து, 16 அங்குலக் கட்டை நெருக்காமல் கிடக்குமா என்று பார்த்த பிறகு மற்றதைப் பேசுங்கள்.

சின்ன எரியறைக்கு ஒரு குறை உண்டு, அதை மறைக்கமாட்டேன். இரவில் விறகு நாலைந்து மணித்தியாலத்துக்கு மேல் தாங்காது. விடிய எழும்பும்போது தணல்தான் இருக்கும், அறை குளிர்ந்திருக்கும். மின் ஹீட்டரைக் குறைந்த அளவில் விட்டுவைத்தால் விடியப்புறத்தை அது பார்த்துக்கொள்ளும். வினையூக்கி, அதாவது புகையைத் தன்னூடாகக் கடக்கவிட்டு எரிக்கிற தேன்கூடு போன்ற தட்டு, வைத்த அடுப்புகள் மெதுவாக எரிந்தும் புகையை எரித்துவிடும், இரவு முழுக்கத் தாங்கும். ஆனால் அந்தத் தட்டை இடையிடையே துப்புரவாக்க வேண்டும், சில வருடத்தில் மாற்றவும் வேண்டும். முதல் முறை விறகு எரிக்கிறவருக்கு நான் அதைச் சொல்வதில்லை.

உருக்கா, வார்ப்பிரும்பா, மாக்கல்லா என்று மூளையைக் கசக்க வேண்டாம். வேலை முடிந்து குளிர்ந்த கேபினுக்குத் திரும்புகிற உங்களுக்கு உருக்கு அடுப்பு சீக்கிரம் சூடேறும். மாக்கல் சூடேற நேரம் எடுக்கும், நாள் முழுக்க வீட்டில் இருந்து எரிக்கிறவர்களுக்கு அது நல்லது. மரத்தூள் உருண்டை அடுப்பைப் பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். அதற்கு மின்சாரம் வேண்டும். 1998 ஜனவரி உறைமழையில் கிழக்கு ஒன்ராறியோவிலும் கியூபெக்கிலும் பலர் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் இருந்தார்கள். ஒதுக்குப்புறத்தில் இருக்கிறவருக்கு மின்சாரம் கேட்காத அடுப்பே துணை.

அடுப்பைவிடப் புகைபோக்கிக்குத்தான் கூடக் காசு போகலாம். அதில் மிச்சம் பிடிக்காதீர்கள். குழாய் அடுப்பில் இருந்து நேரே மேலே போய்க் கூரையைத் துளைத்து வெளியேறுவதுதான் சிறந்த வழி. சுவர்வழியே திருப்பி வெளிச்சுவரோரம் ஏற்றினால், குழாய் குளிர்ந்து கிடக்கும். புகையை மேலே இழுக்கும் இழுவையும் குறையும், தாரும் சேரும். காலையில் தீ மூட்டும்போது புகை உள்ளே அடிப்பதும் அந்தக் குளிர்ந்த காற்று குழாயை அடைத்துக்கொண்டு நிற்பதால்தான். கூரை தாண்டும் இடத்தில் இருந்து புகைபோக்கி 3 அடியாவது உயர வேண்டும், 10 அடிக்குள் இருக்கிற எதையும்விட 2 அடி மேலே நிற்க வேண்டும். கேபின் உயரம் குறைந்ததாக இருப்பதால் உங்களுக்கு இதைவிடக் கூட உயரம் வேண்டியிருக்கலாம். அடுப்பின் கையேட்டில் குறைந்தபட்ச உயரம் இருக்கும், வாங்க முன்னரே கேட்டு வாசியுங்கள். கூரைக்குள்ளால் போகிற பகுதி 650 பாகைக்கு யு.எல்.சி. எஸ்629 என்ற கனடியத் தரச் சான்று பெற்ற இரட்டைச்சுவர்க் குழாயாக இருக்கட்டும்.

பழைய அடுப்பு ஏதாவது மலிவாக வந்தால் முதலில் பின்பக்கத் தகட்டைப் பாருங்கள். சான்றிதழ்த் தகடு இல்லாத அடுப்பை, கனடிய நிறுவல் விதியான சி.எஸ்.ஏ. பி365 படி, எரியக்கூடிய சுவரில் இருந்து 1.2 மீற்றர், அதாவது 4 அடி, தள்ளி வைக்க வேண்டும். உங்கள் கேபினில் அப்படி வைத்தால் அடுப்பு நடு அறையில் நிற்கும். சான்று பெற்ற புதிய அடுப்புக்குத் தகட்டிலேயே இடைவெளி போட்டிருக்கும், அது மிகக் குறைவு. அடுப்புக்குக் கீழே எரியாத தளம் வேண்டும். கட்டை போடும் கதவுக்கு முன்னால் 18 அங்குலம், மற்றப் பக்கங்களில் 8 அங்குலம் அது நீண்டிருக்க வேண்டும். புகை எவ்வளவு என்பதும் தகட்டில் இருக்கும். அமெரிக்காவில் 2020 மே முதல் மணிக்கு 2 கிராமுக்கு (வழக்கமான விறகுக் கட்டையை எரித்துச் சோதித்த அடுப்பு என்றால் 2.5 கிராமுக்கு) மேல் புகைத்துகள் விடும் புதிய விறகு அடுப்பை விற்க முடியாது, அந்த அளவுக்குள் வரும் அடுப்பாக எடுங்கள்.

ஒரு சதம் செலவழிக்க முன்னர், வீட்டுக்காரரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள், காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவிக்கச் சொல்லுங்கள். விறகு அடுப்புகளைப் பரிசோதிக்கப் பயிற்சி பெற்றவர்களுக்குத் தரும் "வெட்" (WETT) சான்று உள்ள ஒருவர் வந்து பார்த்துத் தந்த அறிக்கையை அவர்கள் பெரும்பாலும் கேட்பார்கள். அது இல்லாமல் ஏதாவது நடந்தால் இழப்பீடு கிடைக்காமல் போகலாம். நகரசபை அனுமதி வேண்டுமா என்பதையும் அவரே விசாரிக்கட்டும்.

இனி விறகு. எவ்வளவு நல்ல அடுப்பும் ஈர விறகோடு தோற்றுப்போகும். புதிதாக வெட்டிய மரத்தில் பாதிக்குப் பாதி தண்ணீர் இருக்கும், எரிக்க 20 வீதத்துக்குக் கீழே வர வேண்டும். மேப்பிள், பேர்ச் பிளந்து அடுக்கி ஒரு வருடம், ஓக் இரண்டு வருடம். "காய்ந்த விறகு" என்று விற்பதை அப்படியே நம்பாதீர்கள். ஈரம் பார்க்கும் சிறு கருவி ஒன்றை வாங்கி, கட்டையைப் பிளந்து, புதிதாகத் தெரிகிற உள்முகத்தில் ஊசியை வைத்துப் பாருங்கள். வெளிப்பட்டை எப்போதும் காய்ந்துதான் இருக்கும். விறகு விற்கும் அளவில் "கோர்ட்" (cord) என்றால் 128 கன அடி, "ஃபேஸ் கோர்ட்" 16 அங்குலக் கட்டையில் அதில் மூன்றில் ஒன்றுதான். ஃபேஸ் கோர்ட்டை முழுக் கோர்ட் என்று நினைத்து வாங்கி ஏமாந்தவர்கள் எனக்குத் தெரிந்தே பலர். வேறு ஊரில் மலிவு என்று விறகை ஏற்றி வராதீர்கள், மரம் துளைக்கும் பூச்சி பரவுவதால் சில பகுதிகளில் இருந்து விறகைக் கொண்டுபோவதைக் கனடிய உணவுப் பரிசோதனை முகவரகம் தடைசெய்திருக்கிறது.

உங்கள் பிள்ளைக்கு மூன்று வயது என்று எழுதியிருந்தீர்கள். எரியும் அடுப்பின் கண்ணாடி 200 பாகைக்கு மேல் சூடாகும், ஒரு தொடுகை போதும். அடுப்பைச் சுற்றிச் சுவரில் பூட்டும் இரும்புத் தடுப்பை அடுப்போடு சேர்த்தே வாங்குங்கள். படுக்கைக்குக் கிட்ட கார்பன் மோனாக்சைட் எச்சரிக்கைக் கருவி ஒன்று. சாம்பலை மூடியுள்ள உலோக வாளியில் அள்ளி வெளியே, மரத்தளத்தில் அல்ல, மண்ணில் வையுங்கள். அணைந்ததுபோலத் தெரிகிற தணல் சாம்பலுக்குள் நாட்கணக்கில் உயிரோடு இருக்கும்.

இப்போது ஆனி மாதம்தான். நான் உங்கள் இடத்தில் இருந்தால் இந்தக் கிழமையே விறகுக்காரரைப் பிடித்து, போன வருடம் பிளந்த மேப்பிள் மூன்று கோர்ட் எடுத்து, வெயிலும் காற்றும் படுகிற பக்கத்தில் நிலத்தில் படாமல் அடுக்கி, மேலே மட்டும் மூடிவிடுவேன். அடுப்பை அடுத்த மாதம் பார்க்கலாம். அதற்குள் தரையில் இருந்து கூரை முகடுவரை எத்தனை அடி, அடுப்பு வைக்க நினைக்கிற சுவர் எது என்பதை அளந்து எழுதுங்கள், புகைபோக்கி எந்த வழியால் போகலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.