உயர்தர அசைவ உணவகத்தில் சைவம் சாப்பிடுகிறவருக்கு நல்ல சாப்பாடு கிடைக்க என்ன வழி?

கேள்வி கேட்டவர், செட்டிநாட்டில் பழைய வீட்டை விடுதியாக்கிய ஓர் இடத்துக்கு அலுவலக நண்பர்களோடு போகப் போவதாகவும், குழுவில் தாம் ஒருவர்தான் சைவம் என்றும் எழுதியிருக்கிறார். அங்கே என்ன நடக்கும் என்பதை இப்போதே சொல்லிவிடலாம். மற்றவர்கள் நண்டா, காடையா என்று வாதாடிக்கொண்டிருப்பார்கள். உங்கள் முறை வந்ததும் பரிமாறுகிறவர் யோசிக்காமல் "பன்னீர் இருக்கிறது" என்பார். நீங்களும் யாருக்கும் தொந்தரவு வேண்டாம் என்று தலையாட்டுவீர்கள். தலையாட்டாதீர்கள் என்பதுதான் என் பதில். மீதி எல்லாம் அதற்கான விளக்கம்.

நான் காரைக்குடிக்காரி. புகுந்த வீட்டில் கறி, மீன், முட்டை எல்லாம் உண்டு. எனக்கு மட்டும் சிறு வயதிலிருந்தே தொண்டையில் இறங்காது. இதில் பக்தியும் இல்லை, சாதிப் பெருமையும் இல்லை. பின்னூட்டத்தில் அந்தச் சண்டையைக் கிளப்ப வருகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்கிறேன்: ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் ஆட்டுக்கறிக்கு மசாலா அரைப்பதும் வதக்குவதும் நான்தான். உப்பை மட்டும் வேறு யாராவது பார்ப்பார்கள். அசைவம் சாப்பிடுகிறவர்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது.

என் கோபம் வேறு. செட்டிநாடு என்று பலகையில் எழுதினால் அது மிளகுக் கோழி என்றே ஊர் உலகம் முடிவு செய்துவிட்டது. நகரத்தார் கல்யாணங்களில் இலையில் விழுவது சைவச் சாப்பாடு. அரிசி களைந்த தண்ணீரில் புளி விட்டுக் கொதிக்க வைக்கும் வெண்டைக்காய் மண்டி, மசித்துச் செய்யும் கத்திரிக்காய் கோசமல்லி, பருப்பு உருண்டைக் குழம்பு, பலாக்காய்ப் பிரட்டல், மாங்காய்ப் பச்சடி, வாழைப்பூ வடை. பலகாரம் என்றால் வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம், மசாலைச் சீயம், பர்மா போய் வந்தவர்களால் இங்கே நிலைத்த கவுனி அரிசி. இவ்வளவையும் வைத்துக்கொண்டு, விருந்தாளி சைவம் என்று சொன்னவுடன் பன்னீரைத் தேடி ஓடுகிறார்கள். இந்தப் பக்கத்துப் பாட்டிமார் யாரும் பன்னீரைக் கண்ணால் பார்த்ததில்லை.

பன்னீரைக் குறை சொல்கிறேன் என்று வடக்கத்தி நண்பர்கள் வருந்த வேண்டாம். பாலக் கீரையோடு சேர்ந்தால் அது நன்றாகத்தான் இருக்கும். செட்டிநாட்டு மசாலாவுக்குத்தான் அது ஆகாது. மிளகு, சோம்பு, கல்பாசி, மராத்தி மொக்கு, அன்னாசிப்பூ எல்லாம் வறுத்து அரைத்த அந்த மசாலா கறியோடு நெடுநேரம் கொதித்து, கறியின் கொழுப்பு அதில் இறங்கிய பிறகுதான் காரம் அடங்கி மணம் எழும். பன்னீரை அவ்வளவு நேரம் கொதிக்க விட்டால் ரப்பராகிவிடும். அதனால் கடைசியில் போட்டு இறக்குகிறார்கள். மசாலாவும் பன்னீரும் ஒரே பஸ்ஸில் வந்த அயலார் போல ஒன்றோடொன்று பேசாமல் கிடக்கும். அதை மறைக்க முந்திரி விழுதும் பாலேடும் ஊற்றுகிறார்கள், விலையும் ஏறிவிடுகிறது. கறி இருந்த இடத்தில் எதையாவது வைத்தே ஆகவேண்டுமென்றால் சேனைக்கிழங்கு இருக்கிறது, பிஞ்சுப் பலாக்காய் இருக்கிறது, பச்சை மொச்சை இருக்கிறது. மூன்றும் மசாலாவை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆனால் எந்த உணவுப் பட்டியல் அட்டையிலும் இவை கண்ணில் படுவதில்லை.

இப்போது என் கதை. சிங்கப்பூரில் இருக்கும் என் கொழுந்தனார் ஊருக்கு வந்தபோது, குடும்பத்தை முழுக்கத் திரட்டி ஒரு மாளிகை விடுதிக்கு மதிய விருந்துக்கு அழைத்துப் போனார். விடுதியின் பெயர் வேண்டாம். வளவு என்கிற உள்முற்றத்தைச் சுற்றிப் பர்மா தேக்குத் தூண்கள், காலடியில் ஆத்தங்குடிக் கல், மேசைமேல் துணியில் மடித்த அன்னப்பறவை. எனக்கு வழக்கம்போல் பன்னீர் செட்டிநாடு, அதுவும் பிடிக்காவிட்டால் காளான் மிளகு வறுவல் என்றார்கள். சரி, பார்ப்போம் என்று கை கழுவப் பின்கட்டுப் பக்கம் போனேன்.

அங்கே சமையற்கட்டிலிருந்து ஒரு வாசனை. சின்ன வெங்காயமும் பூண்டும் வதங்கிப் புளியோடு கொதிக்கும் வாசனை. அரிசி களைந்த தண்ணீர் விட்டுக் கொதிக்க வைத்தால் வருகிற லேசான மாவு மணமும் கூட இருந்தது. எட்டிப் பார்த்தேன். மண்டிதான். பக்கத்திலேயே ஒரு சட்டியில் கோசமல்லி. மாஸ்டர் தேவகோட்டைப் பக்கத்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர்.

"இது யாருக்கு?" என்று கேட்டேன்.

"எங்களுக்கு வைத்தது, ஆச்சி. மேசைக்கு அனுப்புவதில்லை."

"ஏன் அனுப்புவதில்லை?"

"வெளியூர்க்காரர்கள் கேட்க மாட்டார்கள் என்று மேனேஜர் சொல்கிறார்."

"நான் உள்ளூர்க்காரி, கேட்கிறேன். இரண்டு கரண்டி கொடுங்கள்."

அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஒரு சாதாரணக் கிண்ணத்தில் ஊற்றித்தான் கொடுத்தார். அது மேசைக்கு வருவதற்குள் செம்புச் சட்டிக்கு மாறி, தலையில் கொத்தமல்லித் தழை சூடி, பக்கத்தில் செதுக்கிய தக்காளியோடு வந்தது. போகட்டும், ருசி மாறவில்லை. வெண்டைக்காய் குழையாமல், புளி தூக்கலாக, சோற்றில் விட்டால் ஓடாமல் நின்றது. கொழுந்தனாருக்குத்தான் சங்கடம். வீட்டில் சாப்பிடுவதையே சாப்பிட இவ்வளவு பெரிய இடத்துக்கு வர வேண்டுமா என்று காதருகே வந்து கேட்டார். "நீங்கள் சாப்பிடும் கோழியை மட்டும் நம் வீட்டில் சமைப்பதில்லையா?" என்றேன். அதற்குமேல் அவர் பேசவில்லை.

பில் வந்தபோது பார்த்தால், நான் சாப்பிட்டது பன்னீர் செட்டிநாடு என்று அடித்திருந்தார்கள். மண்டி என்ற பெயர் அவர்கள் கணினியில் இல்லையாம், ஏதாவது ஒரு சைவப் பதார்த்தத்தின் பெயரில்தான் போட முடியுமாம். பணம் போனதுகூடப் பரவாயில்லை. மாதக் கடைசியில் கணக்குப் பார்க்கிறவர், சைவம் சாப்பிடுகிறவர்கள் பன்னீரைத்தான் விரும்புகிறார்கள் என்றுதானே முடிவு செய்வார்?

சொல்ல வந்ததோடு சம்பந்தமில்லைதான், இருந்தாலும் விட மனமில்லை. அங்கே பரிமாறிய பெண்களுக்குக் கண்டாங்கி என்று சொல்லி ஒரு சேலை கட்டிவிட்டிருந்தார்கள். பாலியஸ்டர் துணியில் கட்டங்களை அச்சடித்தது. காரைக்குடிக் கண்டாங்கி தறியில் நெய்த பருத்திச் சேலை. 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. அதே ஊரில், தறி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, வெக்கையில் வேலை செய்யும் பெண்கள் உடம்பில் பாலியஸ்டரைச் சுற்றிவிட்டுப் பாரம்பரியம் என்று சுவரில் எழுதி வைத்திருக்கிறார்கள். நல்ல சேலை விலை கூடுதல் என்று யாராவது எழுதுவீர்கள். அந்த அன்னப்பறவைத் துணிகளுக்கு ஆன செலவில் பாதி போதும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். முதல் நாளே தொலைபேசியில் பேசிவிடுங்கள். சைவம் உண்டா என்று கேட்டால் உண்டு என்று சொல்லிப் பன்னீரில் முடிப்பார்கள். இன்று என்ன காய் வாங்கியிருக்கிறீர்கள், வேலை செய்கிறவர்களுக்கு என்ன குழம்பு என்று கேளுங்கள். கறிக்குத் துணையாக அவர்கள் தினமும் செய்கிற துவட்டல், கூட்டு, பச்சடி, ரசம் இவற்றில்தான் கை பழகியிருக்கும். அட்டையின் சைவப் பக்கம் யாரோ கேட்பார்களே என்று எழுதி வைத்தது. மதியத்தில் போவது நல்லது. இரவில் பெரும்பாலும் ரொட்டியும், எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரே சிவப்புக் குழம்பும்தான்.

உண்மையிலேயே கறி படக்கூடாது என்பவராக இருந்தால் இன்னும் சில கேள்விகள் கேட்டாக வேண்டும். சூப்புக்கு எலும்பு வேகவைத்த தண்ணீரா? காய்கறிக் குழம்பு தனியாகக் கூட்டியதா, மீன் குழம்பிலிருந்து மீனை ஒதுக்கியதா? வாழைக்காயைப் பொரித்தது எந்த எண்ணெயில்? பரோட்டா மாவில் முட்டை சேர்ப்பவர்கள் பலர் உண்டு. சால்னாவில் துண்டு கண்ணில் படவில்லை என்பதால் அது சைவமாகிவிடாது. சென்னையின் பெரிய ஓட்டல்களிலும் இதே கதைதான், பெயர்தான் மாறும். தாய்லாந்துக் குழம்பு விழுதில் பெரும்பாலும் இறால் இருக்கும், சீனச் சமையலில் சிப்பிச் சாறு விடுவார்கள், வழக்கமான முறையில் செய்த வூஸ்டர் சாஸில் நெத்திலி உண்டு, அசல் பார்மசான் பாலாடைக்கட்டி கன்றின் இரைப்பை நொதியால் உறைவது. இதையெல்லாம் கேட்டால் முகம் சுளிப்பார்களோ என்று தயங்காதீர்கள். அத்தனை ரூபாய் வாங்குகிற இடத்தில் பதில் சொல்வதும் பரிமாறுவதில் சேர்த்திதான். ஒன்று மட்டும் செய்யுங்கள்: கூட்டம் நெரியும் நேரத்தில் கேட்காமல், உட்கார்ந்தவுடன் கேளுங்கள். பரிமாறுகிற பிள்ளைக்குத் தெரியவில்லை என்றால் அவரைக் கடிந்துகொள்ளாமல், மாஸ்டரிடம் கேட்டு வரச் சொல்லுங்கள்.

நீங்கள் தங்கவும் போகிறீர்கள் என்பதால் மாலைப் பலகாரத்தைக் காலையிலேயே சொல்லி வையுங்கள். பணியாரத்துக்கு அரிசியும் உளுந்தும் ஊற வேண்டும், நினைத்த நேரத்தில் வராது. வெள்ளைப் பணியாரத்துக்கு வரமிளகாய்த் துவையல்தான் வேண்டும் என்று அழுத்திச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் தக்காளிச் சாஸ் வைத்துவிடுவார்கள். ஆடி மாதமாக இருந்தால், உளுந்து மாவும் வெல்லமும் நெய்யும் சேர்த்துக் கிண்டும் கும்மாயமும் கேளுங்கள். நெய் மேலே மினுங்காத கும்மாயம் வந்தால் தயங்காமல் திருப்பி அனுப்புங்கள்.